ஏஞ்சலும் கப்பியும் ஒரே தொட்டியில்

மட்டாஞ்சேரி
9-2-1983

நாணுவுக்கு,

ஆசீர்வாதம் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நாலு வருஷமாக ஒரு கார்டு கூடப் போடாத அத்திம்பேர் எடுத்த எடுப்பில் ஆசீர்வாதம் பண்ணினால் நீ கிழித்துப் போட்டுவிடுவாய். கிழிக்காதே. முழுக்கப் படி. உன் அக்கா விஷயம்.

ஸ்வர்ணத்துக்குத் தெரியாமல், மிளகு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து, போன ஆகஸ்டில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. முப்பத்தெட்டாம் நாள் ஜுரம் கண்டு போய்விட்டது. அன்றையிலிருந்து உன் அக்கா பேசுவதில்லை. அழுதாலாவது தேவலை, அதுவும் இல்லை. சாதத்தைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிறாள். கைவளை முழங்கை வரைக்கும் ஏறுகிறது. உயிருள்ள எதையாவது அவள் கண் முன்னால் வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். நாயும் பூனையும் நம் ஆத்துக்கு ஆகாது. மீன் தொட்டி வாங்கினேன்.

சிரிக்காதே. நீ பள்ளிக்கூடத்து நாளில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வளர்த்த மீனைக் கால்வாயில் கொட்டினவன் நான்தான். அதை நான் மறக்கவில்லை.

சுள்ளிக்கல்லில் முத்துராமலிங்கம் என்று ஒரு திருநெல்வேலிக்காரர் கலர் மீன் விற்கிறார். அங்கே போய் மிளகு தரம் பிரிக்கிற கண்ணோடு பார்த்தேன். நிறம், பருமன், பளபளப்பு. ஏஞ்சல், டைகர் பார்ப், நீள வால் தங்க மீன், கறுப்பு மோலி, கப்பி. எல்லாம் இரண்டிரண்டு, ஆண் ஒன்று பெண் ஒன்று. துணையில்லாமல் எதுவும் இருக்கக்கூடாது என்று எனக்கு ஒரு எண்ணம்.

முதல் பத்து நாள் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் இரண்டாம் முறை ரசம் கேட்டாள், சைகையால்தான். நான் பூஜை அறைக்குள் போய் அழுதேன். பதினோராம் நாள் தங்க மீனின் வால் பாதி இல்லை. மறுநாள் அது செத்தது. பிறகு ஒரு மோலி. ஏஞ்சல்களுக்கு மீசை போலத் தொங்குமே, அதெல்லாம் கந்தல். செத்ததை உன் அக்கா தெச்சிச் செடித் தொட்டியில் புதைக்கிறாள். ஒரு தடவை, அவள் குளிக்கிற நேரத்தில் அதே மாதிரி மோலி ஒன்றைக் கொண்டுவந்து விட்டேன். பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

சாப்பாடு திரும்ப நின்றுவிட்டது. உன்னை விட்டால் இதெல்லாம் தெரிந்தவர் எனக்கு யாரும் இல்லை. பம்பாயில் வீடு நிறையத் தொட்டி வைத்திருக்கிறாய் என்று கேள்வி. எதை எதோடு விடவேண்டும் என்று மட்டும் எழுது. என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பதிலைக் கம்பெனி விலாசத்துக்கே போடு.

நீலகண்டன்


செம்பூர், பம்பாய்
16-2-1983

அத்திம்பேருக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை கிழிக்கப் போனேன். நான் கட்டிக்கொண்ட ஷைலாதான் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அக்காவுக்குக் குழந்தை பிறந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. பன்னிரண்டு வயசில் அப்பா அம்மா இல்லாமல் உங்கள் வீட்டுக்கு வந்தவனுக்குத் தலை பின்னிவிடாததுதான் பாக்கி, மற்றதெல்லாம் செய்து வளர்த்தவள் அவள். எனக்கு ஒரு தந்தி கொடுக்க உங்களுக்குக் கை வரவில்லை. இப்போது மீன் சாகிறது என்றதும் வருகிறது. சரி. அவளுக்காக எழுதுகிறேன், உங்களுக்காக இல்லை.

டைகர் பார்ப் ரௌடி. ஆறு ஏழாக விட்டால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு பொழுதைப் போக்கும். இரண்டை மட்டும் விட்டால் அடுத்தவன் வாலைக் கடிக்கும். உங்கள் தங்க மீனைக் கொன்றது அதுதான். முதலில் அதை வெளியேற்றுங்கள். மிச்சமிருக்கிற தங்க மீனையும் திருப்பிக் கொடுங்கள், அது எருமை மாதிரித் தின்று தண்ணீரை நாறடிக்கும். ஏஞ்சல் என்ற பேரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதன் வாயில் எது நுழைகிறதோ அது அதற்குச் சாப்பாடு. கப்பியோடு விடக் கூடாது.

மட்டாஞ்சேரிக் கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்குமே, அதற்கு ஏற்றது மோலியும் கப்பியும். அவை இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அவற்றை மட்டும் வையுங்கள். ஜோடி வேண்டாம். ஒரு ஆணுக்கு மூன்று பெண். இல்லாவிட்டால் அந்த ஒற்றைப் பெண்ணை ஆண் நிம்மதியாக விடாது. மீன் கல்யாணம் பண்ணிக்கொள்கிற ஜாதி இல்லை. குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

தீனி என்ன போடுகிறீர்கள்? அதை மட்டும் எழுதவில்லை.

லக்ஷ்மிநாராயணன்


மட்டாஞ்சேரி
26-2-1983

நாணு,

நீ சொன்னதில் பாதியைத்தான் செய்தேன். மிச்சப் பாதிக்குத் தண்டனை அனுபவிக்கிறேன்.

பார்பையும் தங்க மீனையும் முத்துராமலிங்கத்திடம் கொடுத்துவிட்டு இரண்டு பெண் கப்பி வாங்கிவந்தேன். ஏஞ்சலை எடுக்க மனசு வரவில்லை. அவள் அதைத்தான் அதிகம் பார்க்கிறாள். மெதுவாகத் திரும்பும், மெதுவாக வரும். எடுத்தால் அவள் என்ன ஆவாளோ என்று பயந்தேன்.

புதன்கிழமை காலை குளித்துவிட்டு வரும்போது கூடத்திலிருந்து ஒரு குரல். "இங்கே வாங்கோளேன்." நாணு, அஞ்சு மாசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். ஓடினேன். பழைய கப்பி குட்டி போட்டிருந்தது. கடுகுக்குக் கண் வைத்த மாதிரி, அடியில் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு. அவள் விரலைக் கண்ணாடியில் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினெட்டு. சிரித்தாள். நான் கம்பெனிக்குப் போகவில்லை.

பத்து மணிக்குள் ஏஞ்சல் இரண்டும் கீழே இறங்கிவிட்டன. கையை விட்டுத் துழாவினேன், கரண்டியால் தடுத்தேன். கையிலகப்படவில்லை. அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் ஒரு மூலையில் மூன்றோ நாலோ மிச்சம். ஒரு டம்ளரில் அள்ளிவிடலாம் என்று சமையலறைக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அதையும் காணோம். சாப்பிட்டது ஏஞ்சல் இல்லை. பெற்றவளே சாப்பிட்டுவிட்டாள். உன் அக்கா பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறாள்.

கத்தவில்லை. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இன்றைக்கு மூன்று நாள். ஒரு டம்ளர் மோர்தான் இறங்கியிருக்கிறது. அதுவும் நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சி.

தீனி கேட்டாய். சாதப் பருக்கை, இட்லி உதிர்த்தது, பொரி. புழு போடவேண்டும் என்று முத்துராமலிங்கம் முதல் நாளே சொன்னார்தான். எங்கள் ஆத்துக்குள் அது வராது என்றேன். "அப்பொ சாமி வீட்டு மீனு சைவமா இருந்துக்கிடும்" என்று சிரித்தார். சிரிப்பு என்று எனக்கு உறைக்கவில்லை. நாம் போடுவதைத்தானே தின்னும், பழகிவிடும் என்று நினைத்தேன்.

நான் என்ன பண்ணட்டும் நாணு? சொல்லு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

நீலகண்டன்


செம்பூர்
4-3-1983

அத்திம்பேர்,

இட்லி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இட்லி போட்டு ஏஞ்சல் வளர்த்தவர் இந்த இந்தியாவிலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

அவை பட்டினி கிடந்திருக்கின்றன, அத்திம்பேர். ஒரு மாசமாக. வயிறு காய்ந்த ஏஞ்சல் குட்டியைத் தின்னாமல் என்ன செய்யும்? வயிறு காய்ந்தால் பெற்ற கப்பியும் தின்னும். ஒளிந்துகொள்ளச் செடி இல்லை, வயிற்றுக்குச் சோறு இல்லை. நீங்கள் ஒத்துப்போகாத மீன்களை ஒன்றாக அடைத்ததே தப்பு. அதற்கு மேலே உங்கள் ஆசாரத்தையும் அதன் வாயில் திணித்தீர்கள்.

இந்த இடத்தில் நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எழுபத்தொன்பதில் நான் ஷைலாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கார்வார் சாரஸ்வதப் பெண், அவர்களும் பூணூல் போடுகிறவர்கள்தான், ஆனால் மீன் சாப்பிடுவார்கள். இரண்டு நாள் ரயிலில் வந்தவள், உங்களுக்கு நமஸ்காரம் பண்ணக் குனிந்தாள். நீங்கள் இரண்டு அடி பின்னால் போனீர்கள். அவளுக்கு மட்டும் பின்கட்டில், கிணற்றடியில் இலை போடச் சொன்னீர்கள். அக்காதான் போட்டாள். தலையைத் தூக்காமல் போட்டாள். ஷைலா அந்த இலையில் உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டாள், தெரியுமா? எனக்காக. பிறகு படகு ஜெட்டிக்குப் போகிற வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்.

அந்த ஷைலாதான் நேற்று உங்கள் கடிதத்தை என்னைப் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, பேனாவை எடு என்றாள். இனி வருவது அவள் சொன்னது.

புழு வேண்டாம், உங்களுக்கு அருவருப்பாக இருக்கும். சின்ன இறால் வாங்குங்கள், ஒரு கைப்பிடி போதும். தலையைக் கிள்ளி, தோலை உரித்து, முதுகில் கறுப்பாக ஒரு நரம்பு ஓடும், அதை இழுத்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, கடுகளவு நறுக்கிப் போடுங்கள். ஐந்து நிமிஷத்தில் தின்றுமுடிக்கிற அளவுதான். மிஞ்சியதை எடுத்துவிடவேண்டும். ஏஞ்சலை இன்றைக்கே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பாசிச் செடி நிறையப் போடுங்கள். கப்பி ஒரு மாசத்தில் திரும்பக் குட்டி போடும். அது வரைக்கும் அக்காவிடம் ஒரே ஒரு பேச்சு, அது பசியில் செய்தது என்று சொல்லுங்கள்.

நாணு


மட்டாஞ்சேரி
27-3-1983

நாணுவுக்கும் ஷைலாவுக்கும்,

அந்தப் பேரை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

மார்க்கெட்டுக்குப் போனேன். மூன்று தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். நாலாம் தடவை உள்ளே போய், எது இறால் என்றுகூடத் தெரியாமல் விரலைக் காட்டினேன். மீன்காரி என் நெற்றி விபூதியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் இலையில் பொதிந்து கொடுத்தாள். கிணற்றடியில் துணி துவைக்கிற கல்லில் வைத்து ஷைலா சொன்னபடியே உரித்தேன். முதல் நாள் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டேன். அந்தக் கடிதத்தைக் கல் மேல் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்தேன். முடிந்ததும் தலைக்கு ஸ்நானம். இப்போது துணி கட்டுவதில்லை.

ஏஞ்சல்களை அண்டாவுக்கு மாற்றிவிட்டேன். அதற்கு அப்புறம்தான் தண்ணீர் பிடித்துவைக்கப் பாத்திரமில்லாமல் போயிற்று. மழையே காணோம், கிணறு வற்றிக்கொண்டே வருகிறது, குழாயில் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். நான் குளிக்கிற தண்ணீரைக் குறைத்து மீனுக்கு வைக்கிறேன். கரண்ட் போய் மீனுக்குக் காற்று ஊதுகிற பம்பு நின்றால் விசிறியால் தண்ணீரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பைத்தியம் என்றுதான் பக்கத்து வீட்டு அம்மிணி மாமி நினைக்கிறாள்.

கப்பி திரும்பக் குட்டி போட்டிருக்கிறது. நாலு நாள் ஆயிற்று. செடிக்குள் இருபதுக்குக் குறையாமல் இருக்கின்றன, ஒன்றுகூடப் போகவில்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தாள். சிரிக்கவில்லை, ஆனால் அன்றைக்கு எழுந்து தானாகவே சாதம் வடித்தாள்.

இனிமேல் எழுதுவதை எழுதாமல் விட்டிருக்கலாம். நேற்றுக் காலை கிணற்றடியில் இறால் நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றிருக்கிறாள். கல் மேலிருந்த கடிதத்தை எடுத்து நின்றபடியே முழுக்கப் படித்தாள். பிறகு என் கையைப் பார்த்துச் சொன்னாள். "இதே இடத்திலேதான் அவளுக்கு இலை போடச் சொன்னேள். இப்போ நீங்களே உக்காந்து இறால் நறுக்கறேள். மீனுக்குன்னா ஆகுமோ?"

கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

நீலகண்டன்


மட்டாஞ்சேரி
1-4-1983

நாணு,

ஸ்வர்ணத்தைக் காணோம்.

நேற்று மத்தியானம் கம்பெனியிலிருந்து வந்தால் வீடு திறந்து கிடக்கிறது. தொட்டியில் தீனி போட்டிருக்கிறாள், அண்டாவில் போட்டிருக்கிறாள். அவளுடைய இரண்டு புடவையும் சின்னப் பெட்டியும் இல்லை. அதைப் பார்த்துத்தான் உயிர் வந்தது, சாகப் போகிறவள் புடவை எடுத்துப் போவாளா என்று. ஆனால் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. கோயில் குளத்தைப் பார்த்தேன். ஜெட்டியில் கேட்டேன். இடக்கொச்சியில் காயலில் ஒரு பெண் பிணம் ஒதுங்கியிருக்கிறது என்றார்கள். போனேன். வேறு யாரோ. நாணு, அது வேறு யாரோ என்றதும் கரையில் உட்கார்ந்து சிரித்தேன். அந்தப் பெண்ணின் வீட்டார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தந்தியும் கொடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இது வந்தாலும் வரும். உன் விலாசம் அந்தக் கடிதத்தில் இருந்தது. அங்கே வந்தாள் என்று சொல். என்னைத் திட்டி நாலு பக்கம் எழுது, ஆனால் வந்தாள் என்ற ஒரு வார்த்தையை முதலில் தந்தியில் போடு.

நீ.


செம்பூர்
4-4-1983

அத்திம்பேர்,

தந்தி கிடைத்திருக்கும். அக்கா சனிக்கிழமை வந்துசேர்ந்தாள். தனியாக, ஒரு பெட்டியோடு. தாதரில் இறங்கி ஒரு தமிழ்க் குடும்பத்திடம் விலாசத்தைக் காட்டி வந்திருக்கிறாள். கதவைத் திறந்தது ஷைலா. அக்கா உள்ளே வரவில்லை. அங்கேயே நின்று, "அன்னிக்கு அந்த இலையை நான்தானே போட்டேன்" என்றாள். ஷைலா பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள்.

இரண்டு நாளாகப் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஆறு மாசத்துப் பேச்சு. உங்களுக்கு ஒன்று தெரியவேண்டும், சொல்லாமல் இருக்க எனக்குத் திராணி இல்லை. தாயாகக்கூடிய ஒருத்திக்குக் கிணற்றடியில் சாதம் போட்டேன், அதனால்தான் எனக்கு வந்த குழந்தை தங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மூச்சுவிடாத ஆறு மாசமும் அதைத்தான் நினைத்திருக்கிறாள். அப்படி எதுவும் கிடையாது என்று நான் சொன்னேன், ஷைலா சொன்னாள், பக்கத்து டாக்டரைக் கூப்பிட்டு அவரையும் சொல்லவைத்தோம். கேட்டுக்கொள்கிறாள். நம்புகிறாளா, தெரியாது. பெற்ற கப்பி குட்டியைத் தின்றதைப் பார்த்த அன்றைக்குச் செத்துவிடலாம் என்று நினைத்தாளாம். அது பசியில் செய்தது என்று அந்தக் கடிதத்தில் இருந்த வரிதான் அவளைப் பிடித்து நிறுத்தியது என்கிறாள்.

இங்கே சாப்பிடுகிறாள். ஷைலா அவளுக்கென்று தனியாகக் காய் சமைக்கிறாள். அக்கா அதே சமையலறையில், அதே பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

இப்போதைக்கு வந்து நிற்காதீர்கள். சாமானை எடுத்துப்போகிற மாதிரி எடுத்துப்போக விடமாட்டேன்.

நாணு


மட்டாஞ்சேரி
11-4-1983

நாணு,

தந்தி வந்த அன்றைக்கு அம்மிணி மாமி வீட்டில் ஒரு வாய் காபி வாங்கிக் குடித்தேன். அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒரே நினைப்புதான். அன்றைக்கு இலை போட்டது அவள் கை, போடச் சொன்னது என் வாய். பாவம் என்று ஒன்று இருந்தால் என்னைத்தானே பிடிக்கவேண்டும். நான் இரண்டு வேளை சாப்பிட்டுக்கொண்டு, கம்பெனியில் மிளகைச் சலித்துக்கொண்டு, நல்ல மனுஷனாக இருந்திருக்கிறேன். அவள் மூச்சுவிடாமல் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். ஒரே வீட்டில். இதைக்கூடப் பார்க்கத் தெரியாதவனைப் போய் மீன் பொறுக்கச் சொன்னால் எப்படிப் பொறுக்குவான்?

விஷுப் பண்டிகை வருகிறது. விடிந்ததும் கண் விழிக்கப் பூவும் பழமுமாகக் கணி வைக்கிறவள் இல்லை, நானும் வைக்கப் போவதில்லை. குட்டிகள் இருபத்தொன்று, பெரிதாகிவிட்டன, வாலில் நிறம் வர ஆரம்பித்திருக்கிறது. ஏஞ்சல் இரண்டையும் முத்துராமலிங்கம் வந்து எடுத்துப்போனார். இதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்காதே. காலையில் எழுந்ததும் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது, அதைச் செய்கிறேன்.

அவளைக் கூட்டிவர நான் கேட்கவில்லை. பார்க்கவேண்டும். தூரத்தில் நின்றாவது. ஷைலாவிடம் என்னவென்று சொல்வது என்று எழுதிப் பார்த்தேன், நாலு தாள் வீணாயிற்று. மன்னிப்பு என்ற வார்த்தையை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, அது எழுதினால் யாரோ எழுதின மாதிரி இருக்கிறது. நேரில் சொல்கிறேன், அவள் கேட்பதானால். ஸ்வர்ணத்திடம் கேட்டு எழுது. வரலாமா என்று மட்டும். அவள் வேண்டாம் என்றால் டிக்கெட் எடுக்க மாட்டேன்.

நீலகண்டன்


செம்பூர்
19-4-1983

அத்திம்பேர்,

உங்கள் கடிதத்தை அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். இன்று காலை ஷைலாவோடு சேர்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"வரச் சொல்லு. ஆனா பசியோட வரச் சொல்லு. ஷைலா கையாலே, இந்தச் சமையலறையிலே, எங்களோட உக்காந்து சாப்பிடறதானா வரட்டும். முடியாதுன்னா அங்கேயே இருந்துண்டு மீனைப் பாத்துக்கட்டும். அதுக்காவது இப்போ வேளாவேளைக்குக் கிடைக்கறது."

நாணு